தம்பி கையெழுத்துப் போடலாமா, அக்கா?

வந்த கடிதம் (சுருக்கி):

மதிப்புக்குரிய சட்டத்தரணி அக்காவுக்கு,

என் தம்பிக்கு 28 வயது. சொந்த இடம் கிளிநொச்சி. 2009இல் எங்கள் மூத்த அண்ணா காணாமல் போனார். 2017இலிருந்து அம்மா கிளிநொச்சிப் போராட்டப் பந்தலில் போய் இருக்கிறார். தம்பிதான் கூட்டிக்கொண்டு போய் வருவான். 2022இல் அவனை இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பிறகு ஒரு நாள் வானில் ஏற்றிக்கொண்டு போய் அடித்துவிட்டு இறக்கிவிட்டார்கள். 2023இல் ஏஜென்சிக்குக் காசு கட்டி அனுப்பினோம். அந்த நவம்பரில் மெக்சிக்கோ எல்லையால் அமெரிக்காவுக்குள் போனான். சில நாள் பிடித்து வைத்துவிட்டு, கோர்ட்டுக்கு வரச் சொல்லிப் பேப்பர் கொடுத்து விட்டுவிட்டார்கள். நியூ ஜெர்சியில் கடையொன்றில் வேலை செய்தான். அகதிப் பாரத்தைக் கடை முதலாளியின் நண்பர் ஒருவர் நிரப்பிக் கொடுத்தாராம். பிரதி எங்களிடம் இல்லை. வந்து பதியச் சொன்ன நாளெல்லாம் தவறாமல் போனான். போன மாதம் அப்படிப் போன இடத்திலேயே விலங்கு போட்டுவிட்டார்கள். முதலில் நியூ ஜெர்சியிலிருந்து பேசினான். ஒன்பது நாள் கழித்து லூசியானாவிலிருந்து பேசினான். ஏதோ பேப்பர் நீட்டுகிறார்களாம், கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் ஊருக்கு அனுப்புவார்களாம். ரொறன்ரோ சித்தப்பா, 6,000 டொலர் கொடுத்தால் வெளியே எடுக்க ஓர் ஆள் இருக்கிறார் என்கிறார். இயக்கத்தில் இருந்தவன் என்று எழுதினால் கேஸ் பலம் என்றும் சொல்கிறார். நான் கொள்ளுப்பிட்டி அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகவா? எம்.பி. ஒருவரிடம் கடிதம் எடுக்கவா? அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. சொல்லலாமா?

வெள்ளவத்தை வாசகி

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தப் பேப்பர். தம்பி அடுத்த தடவை பேசும்போது சுகம் விசாரிப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுங்கள். விளங்காத எதிலும் கையெழுத்து வேண்டாம். அவரிடம் நீட்டப்படுவது எந்தப் பத்திரம் என்று இங்கிருந்து பார்க்க வழியில்லை. தானாகவே வெளியேறச் சம்மதம் என்பதாக இருக்கலாம். நீதிபதி முன் விசாரணை வேண்டாம், நாடுகடத்தும் கட்டளையை ஏற்றுக்கொள்கிறேன் என்பதாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் அகதிக் கோரிக்கை அதோடு முடிந்தது, பத்து வருடத்துக்குத் திரும்ப நுழையவும் தடை. இறுதிக் கட்டளை எதுவும் வராத நிலையில் இப்படிப்பட்ட ஒன்றில் கையெழுத்திட மறுப்பது குற்றமல்ல. "என் சட்டத்தரணியைக் கேட்க வேண்டும், ஊருக்குத் திரும்பப் பயம்" என்று சொன்னால் போதும். சத்தம் போடத் தேவையில்லை.

உள்ளே கிடப்பவரின் நிலை நமக்குத் தெரியாது. உண்மையிலேயே ஊருக்கு வருவதுதான் நல்லது என்று தம்பி முடிவெடுத்தால் அது அவருடைய முடிவு, நீங்களோ நானோ தடுக்க முடியாது. களைப்பில் எடுக்காமல், ஒரு சட்டத்தரணியிடம் பேசிய பிறகு எடுக்கட்டும்.

அந்தச் சட்டத்தரணி நானில்லை. நான் புதுக்கடை நீதிமன்றங்களில் நிற்பவள். அமெரிக்காவில் உங்கள் தம்பிக்காக வாதாட அங்கே அனுமதி பெற்ற ஒருவர் வேண்டும். இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். அமெரிக்கப் படங்களில் பொலிஸ் பிடித்தவுடன் "உனக்கு வசதியில்லை என்றால் அரசாங்கம் சட்டத்தரணி தரும்" என்று சொல்வார்களே, அது குற்ற வழக்குக்கு. குடிவரவு வழக்கு அங்கே சிவில் வழக்கு. ஆளைச் சிறை போன்ற இடத்தில் பூட்டி வைத்திருந்தாலும் அது சிவில் வழக்குத்தான். சட்டத்தரணி வைத்துக்கொள்ள உரிமை உண்டு, செலவு உங்களுடையது. நீங்கள் ஒருவரைப் பிடித்துக் கொடுக்காவிட்டால், தம்பி தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் குரலை மட்டும் நம்பி, பயிற்சி பெற்ற அரச சட்டத்தரணிக்கு எதிரே தனியாக உட்கார வேண்டியிருக்கும். தடுப்பிலுள்ளவர்களின் வழக்குகள் வெளியில் இருப்பவர்களுடையவை போல வருடக்கணக்கில் இழுபடுவதுமில்லை, வேகமாக ஓடும்.

ஆளைத் தேட உங்களுக்கு வேண்டியது 'ஏ' எண். ஏ என்ற ஆங்கில எழுத்தும் அதைத் தொடர்ந்து எட்டு அல்லது ஒன்பது இலக்கங்களும் இருக்கும். 2023இல் விடும்போது கொடுத்த பேப்பரில் இருக்கும், வேலை அனுமதி அட்டை எடுத்திருந்தால் அதிலும் இருக்கும். தம்பி முன்பு எப்போதாவது வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியிருப்பார், பழைய செய்திகளை மேலே தள்ளிப் பாருங்கள். 'ஐஸ்' என்று சொல்லப்படும் குடிவரவு அமுலாக்கப் பிரிவின் இணையத்தளத்தில் அந்த எண்ணையும் பிறந்த நாட்டையும் போட்டால் எந்த முகாம் என்று வரும். குடிவரவு நீதிமன்றத்தின் தளத்தில் அதே எண்ணைப் போட்டால் அடுத்த தவணை எப்போது, எந்த நீதிபதி என்று தெரியும். பெயரை வைத்தும் தேடலாம், ஆனால் நம் பெயர்கள் அங்கே படும் பாடு உங்களுக்குத் தெரியும். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, ஓர் எழுத்துக் கூடியும் குறைந்தும் பதிவாகியிருக்கும். இரண்டு தளங்களையும் தினமும் பாருங்கள். நியூ ஜெர்சியிலிருந்து லூசியானாவுக்குக் கொண்டுபோனவர்கள் அங்கிருந்து இன்னோர் இடத்துக்கும் கொண்டுபோகலாம்.

இந்த இடமாற்றத்தைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஒருவரைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால், மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றத்தில் ஹேபியஸ் மனு போடலாம். ஆட்கொணர்வு மனு என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாங்கள் இங்கே அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடுவதற்கு அண்ணன் முறையானதுதான் அது. ஆனால் அங்கே பொதுவிதி, மனுப் போடும் நேரத்தில் ஆள் எந்த மாவட்டத்தில் இருக்கிறாரோ அந்த மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். 2025 ஏப்ரலிலும் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதையே திரும்பச் சொன்னது. லூசியானாவும் டெக்சாசும் ஐந்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருகின்றன. குடிவரவு வழக்குகளில் அது அரசாங்கத்தின் பக்கம் சாயும் நீதிமன்றம் என்பது அங்குள்ள சட்டத்தரணிகளிடையே பழைய பேச்சு. நியூ ஜெர்சி வேறு வட்டாரம்.

சரியான இடத்தில் மனு போட்ட பிறகு ஆளை மாற்றினால் நீதிமன்றத்தின் கை கட்டப்படாது. இதைத் தீர்த்து வைத்தது 1944ஆம் ஆண்டு வழக்கொன்று. மிட்சுயே எண்டோ என்ற ஜப்பானிய அமெரிக்கப் பெண் கலிபோர்னிய முகாமிலிருந்து மனுப் போட்டார். அவரை யூட்டா மாநில முகாமுக்கு மாற்றினார்கள். மாற்றினாலும் கலிபோர்னிய நீதிமன்றத்தின் அதிகாரம் போகவில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் மசாசூசெட்ஸில் பிடிபட்ட துருக்கி மாணவி ருமெய்சா ஒஸ்துர்க்கின் கதையும் இதுதான். பிடித்த இரவே சட்டத்தரணி மனுப் போட்டார். அந்த நேரத்தில் அவரை வெர்மொன்ட் மாநிலத்தில் வைத்திருந்தார்கள், மறுநாள் லூசியானாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆனாலும் வழக்கு லூசியானாவுக்குப் போகவில்லை, மசாசூசெட்ஸில் போட்ட மனு வெர்மொன்டுக்கு மாற்றப்பட்டு அங்கேயே நடந்தது. மே 9இல் அங்குள்ள நீதிபதி விடுவித்தார். உங்கள் தம்பிக்கு அந்த முதல் ஒன்பது நாட்களில் யாரும் மனுப் போடவில்லை. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இனி ஒவ்வொரு நாளும் கணக்கு என்பதற்காக எழுதுகிறேன்.

2007 ஜூன் 7ஆம் திகதியை வெள்ளவத்தையில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்கு நோக்கி அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, ஏனென்றால் மனுவோடு உடனே ஓடியவர்கள் இருந்தார்கள். ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்திருந்தால் பஸ்கள் இன்னும் ஓடியிருக்கும்.

பிணையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சித்தப்பாவின் 6,000 டொலர் ஆளுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. முன்பெல்லாம் தம்பியைப் போல உள்ளே வந்து வருடக்கணக்காக இருந்தவர்கள் பிடிபட்டால் குடிவரவு நீதிபதியிடம் பிணை கேட்கலாம். சட்டப்படி ஆகக் குறைந்த பிணை 1,500 டொலர். 2025 செப்டெம்பர் 5இல் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை ஒரு தீர்மானம் கொடுத்தது. எல்லையில் பரிசோதனையில்லாமல் நுழைந்தவர் எத்தனை வருடம் உள்ளே வாழ்ந்திருந்தாலும் அவருக்குப் பிணை விசாரணை நடத்தக் குடிவரவு நீதிபதிக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். அந்தக் கதவு மூடியதால் சனம் மத்திய நீதிமன்றங்களுக்கு ஹேபியஸ் மனுக்களோடு போகத் தொடங்கியது. நாடு முழுக்க ஏராளமான மாவட்ட நீதிபதிகள் அந்தத் தீர்மானம் பிழை என்று சொல்லி, பிணை விசாரணை நடத்து அல்லது ஆளை விடு என்று கட்டளையிட்டார்கள். அரசாங்கத்தின் பக்கம் நின்ற நீதிபதிகளும் உண்டு.

ஆகவே வழி நீதிமன்றத்தில்தான் இருக்கிறது, எவருடைய சட்டைப் பைக்குள்ளும் இல்லை. பிணை கிடைத்தால்கூட, அமெரிக்காவில் சட்டப்படி இருக்கும் ஒருவர் அரசாங்கத்துக்கு நேரே கட்டி ரசீது எடுப்பதுதான் முறை. 'ஓர் ஆள்' உண்டியலில் வாங்கி உள்ளே கொடுப்பதாகச் சொன்னால் அந்தக் காசு போனதுதான்.

சரி, உண்மையான சட்டத்தரணியை எப்படித் தேடுவது? குடிவரவு நீதிமன்றங்களே ஒவ்வொரு இடத்துக்கும் இலவச உதவி தருவோர் பட்டியல் வைத்திருக்கின்றன, தம்பியிடமும் அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நியூ யோர்க் நகரில் 2013இலிருந்து, தடுப்பிலுள்ள வசதியற்றவர்களுக்கு அரச செலவில் சட்டத்தரணி கொடுக்கும் திட்டம் நடக்கிறது. நியூ ஜெர்சியிலும் மாநில நிதியில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. தம்பி பிடிபட்டது அங்கே என்பதால் முதல் தொலைபேசி அங்குள்ள அமைப்புகளுக்குப் போகட்டும். எடுக்க முடியாது என்றால் லூசியானாவில் யாரைக் கேட்பது என்றாவது சொல்வார்கள். காசு கொடுத்து வைத்தால், அவருடைய பெயரை அந்த மாநிலச் சட்டத்தரணிகள் பதிவில் தேடிப் பாருங்கள், இணையத்திலேயே பார்க்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். குடிவரவு நீதிமன்றத்தில் எந்த மாநிலத்துச் சட்டத்தரணியும் நிற்கலாம், ஆனால் ஹேபியஸ் மனுவுக்கு அந்த மத்திய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். "நீங்கள் ஹேபியஸ் போடுவீர்களா, இல்லை என்றால் யார் போடுவார்?" என்பதை முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். தமிழ் பேசுபவர்தான் வேண்டும் என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம்.

இனி சித்தப்பாவின் இரண்டாவது யோசனை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 2009 மே மாதத்தில் உங்கள் தம்பிக்குப் பதினொரு வயது. இயக்கத்தில் இருந்தவன் என்று எழுதினால் முதல் குறுக்குக் கேள்வியிலேயே விழும். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. விடுதலைப் புலிகள் 1997இலிருந்து அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்த அமைப்புக்குச் சாப்பாடு, காசு, எந்த உதவி செய்தவருக்கும் அகதி அந்தஸ்து மறுக்கலாம், பயத்தில் கப்பம் கட்டியவர்கள்கூட அதில் சிக்கியிருக்கிறார்கள். 'கேஸ் எழுதுகிற' ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரே கதையைப் பெயர் மாற்றி எழுதுவார்கள். வேண்டுமென்றே பொய்யான அகதிக் கோரிக்கை என்று நீதிபதி தீர்மானித்தால் வாழ்நாள் முழுக்க அங்கே வேறு எந்தக் குடிவரவுச் சலுகையும் கிடைக்காது. உங்கள் குடும்பத்தில் யாராவது இயக்கத்தோடு தொடர்பில் இருந்திருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம், நீங்களாக எங்கேயும் எழுதவும் வேண்டாம். சட்டத்தரணியிடம் மட்டும் சொல்லுங்கள்.

பொய் தேவையே இல்லை, தங்கச்சி. உங்கள் கடிதத்தில் இருக்கும் ஆறேழு வரியே ஒரு வழக்கு. காணாமல் போன அண்ணா, பந்தலில் அம்மா, கூட்டிப்போன மகன், விசாரணை, வான், அடி. இதில் யார் அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள் என்ற இரண்டும் சொல்லப்படாவிட்டால் மற்ற அத்தனையும் வீண். நம்மவர் ஒருவரின் வழக்கே இதற்கு உதாரணம். துரைசிங்கம் என்ற இலங்கைத் தமிழர் 2017இல் எல்லையிலிருந்து 25 யார் தூரத்தில் பிடிபட்டார். வானில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள் என்று சொன்னார். அவர் சொல்வது உண்மை என்று அதிகாரி ஏற்றுக்கொண்டார். ஆனால் அடித்தவர்கள் யார், ஏன் என்பது தெரியாது என்று பதில் வந்ததால் கோரிக்கையை நிராகரித்தார். மொழிபெயர்ப்பில் தடுமாற்றம் இருந்ததாகவும் பிறகு முறையிட்டார்கள். வெள்ளை வான் என்றால் கொழும்பில் பிள்ளைக்கும் தெரியும். எல்லைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது வெறும் வான். நாம் 'வந்தவை, ஏத்தினவை, அடிச்சவை' என்று எழுவாயே இல்லாமல் பேசிப் பழகிவிட்டோம். பயத்தில் வந்த பழக்கம் அது. அங்கே அது தீமை செய்கிறது. ஏன் அந்த ஆட்கள் சி.ஐ.டி. என்று நினைத்தீர்கள், என்ன கேட்டார்கள், அம்மாவின் போராட்டத்தைப் பற்றி என்ன சொன்னார்கள், இதையெல்லாம் தம்பி தன் வாயால் சொல்ல வேண்டும். சிங்கள மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவந்தாலோ, வருபவரின் தமிழ் விளங்காவிட்டாலோ, தலையாட்டாமல் உடனே சொல்ல வேண்டும், பதிவாக வேண்டும்.

துரைசிங்கத்தின் அந்த வழக்கு 2020 ஜூன் 25இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் ஏழுக்கு இரண்டு என்று தோற்றது. எல்லையைத் தாண்டியவுடன் பிடிபட்டவர் வாசற்படியில் நிற்பவருக்குச் சமம், சட்டம் கொடுத்ததற்கு மேல் நடைமுறை உரிமை கேட்க முடியாது என்றார்கள். யாராவது அதைக் காட்டித் தம்பியைப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அவர் வாசற்படியில் நிற்பவர் இல்லை. அரசாங்கமே விட்டு, தவணை கொடுத்து, இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே வாழ்ந்தவர். கூப்பிட்ட நாளெல்லாம் போனவர். அப்படிப்பட்டவரைச் சூழ்நிலை எதுவும் மாறாமல், விசாரணையும் இல்லாமல் மறுபடி பிடித்தது உரிய சட்ட நடைமுறைக்கு மாறானது என்று தீர்ப்பளித்த மாவட்ட நீதிபதிகள் பலர். தம்பி தவறாமல் போய்ப் பதிந்ததற்கு ஏதாவது சான்று, குறுஞ்செய்தியோ முத்திரையோ, இருந்தால் அது பொன்.

கடை முதலாளியின் நண்பர் நிரப்பிய பாரம் எனக்குக் கவலை தருகிறது. அகதிக் கோரிக்கையை வந்து ஒரு வருடத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும், அதாவது 2024 நவம்பருக்குள். கொடுத்ததற்கு ரசீது வந்திருக்கும். ரசீதைத் தேடுங்கள், பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டத்தரணி எடுத்துப் பார்க்கட்டும். பிழை இருந்தால் விசாரணைக்கு முன்பே திருத்துவது நல்லது. காலம் கடந்திருந்தாலும் எல்லாம் முடியவில்லை. நாடுகடத்தலை நிறுத்திவைக்கும் பாதுகாப்பும் சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்பும் அந்த ஒரு வருடக் கெடுவுக்குள் வராது. ஆனால் அவற்றை நிரூபிப்பது அகதிக் கோரிக்கையை விடக் கடினம். அப்புறம் ஒன்று. தீர்ப்பு எதிராக வந்தால் நீதிபதி அங்கேயே "மேன்முறையீடு செய்கிறீர்களா?" என்று கேட்பார். களைத்துப்போய் "வேண்டாம்" என்று சொல்லிவிடக்கூடாது.

எம்.பி.யின் கடிதம் வேண்டாம். எல்லோரும் கொண்டுவரும் கடிதம் அது, எதையும் கண்ணால் கண்டவரின் கடிதமல்ல. அமெரிக்கத் தூதரகமும் வேண்டாம். அங்கே தடுப்பில் இருப்பவரின் வழக்கில் கொள்ளுப்பிட்டியில் ஒன்றும் செய்ய மாட்டார்கள். வாஷிங்டனிலுள்ள நம் தூதரகத்துக்கும் நீங்களாக எழுத வேண்டாம். அகதிக் கோரிக்கையின் விவரத்தைச் சொந்த நாட்டுக்குச் சொல்லக்கூடாது என்று அமெரிக்க விதியே இருக்கும்போது, நாமே போய்ச் சொல்லுவானேன்?

காலத்தைச் செலவழிக்க வேண்டியது பத்திரங்களில். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் இலக்கம், காணாமல் போனோர் அலுவலகத்திலிருந்து அம்மாவுக்கு வந்த கடிதங்கள், விசாரணைக்குக் கூப்பிட்ட பொலிஸ் துண்டு, அடிபட்ட பிறகு போன ஆஸ்பத்திரியின் அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள். இவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர் ஒருவர், மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்திட்டால் குடிவரவு நீதிமன்றத்துக்குப் போதும். வெளிவிவகார அமைச்சில் முத்திரை குத்தப் பத்தரமுல்லைக்கு அலைந்து நாளை வீணாக்க வேண்டாம். சாட்சி சொல்பவர்களின் சத்தியக்கடதாசியை மட்டும் புதுக்கடைத் தட்டச்சுக் கடையின் பழைய மாதிரியில் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று பேருடைய கடதாசியும் ஒரே வசனத்தில் இருந்தால் நீதிபதிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஒவ்வொருவரும் தான் கண்டதை மட்டும், தன் பேச்சில், தமிழில் சொல்லட்டும்.

தம்பியோடு பேசும்போது அந்த இணைப்பு பதிவாகிறது என்பதை மறக்க வேண்டாம். வழக்கின் கதையை அதில் பேசாதீர்கள். சாப்பாடு, தூக்கம், தவணைத் திகதி, முகாமின் பெயர், அவ்வளவுதான். நீங்கள் திரும்ப அவரை அழைக்க முடியாது, அவர்தான் எடுக்க வேண்டும். அங்கே பகல் என்றால் இங்கே பெரும்பாலும் இரவு, போனைச் சத்தம் வைத்துத் தலைமாட்டில் வையுங்கள்.

அம்மாவிடம் மறைக்க முடியாது, தங்கச்சி. இந்த வழக்கின் முதல் சாட்சி அவர்தான். மகன் தன்னைப் பந்தலுக்குக் கூட்டிப்போனதைக் கண்டவர் அவர், விசாரணைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது கதவைத் திறந்தவரும் அநேகமாக அவர்தான். போனில் சொல்ல வேண்டாம். இந்தச் சனிக்கிழமை கிளிநொச்சிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அழுது முடிய நேரம் கொடுங்கள். பிறகு, ஊரில் நம்பிக்கையான சமாதான நீதவான் ஒருவரிடம் கூட்டிப்போய்ச் சத்தியக்கடதாசியை எழுதி எடுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. வரும்போது பந்தலில் எடுத்த படங்களையும் வாங்கி வாருங்கள். தம்பி அம்மாவின் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். கூட இருக்கும் மற்ற அம்மாமாரிடமும் கேளுங்கள், அவர்களின் போன்களிலும் இருக்கும்.